ஊசிக்கு இரண்டு கிராம்

புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியவர் வீட்டில் முதலில் கேட்பது பாட்டு அல்ல. "ம்ம்ம்" என்று ஒரு உறுமலும், அதற்கு மேல் வீட்டுக்காரர் யாரையோ திட்டும் குரலும்தான். அந்த நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவன் நான்.

நீங்களும் ஒன்று வாங்கியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். பெட்டியைப் பிரிக்கிறவரை சந்தோஷம். பிரித்த பிறகு தட்டு தனியாக, ரப்பர் பெல்ட் தனியாக, ஊசியைத் தாங்கும் கை தனியாக, கைக்குப் பின்னால் மாட்டும் குண்டு தனியாக என்று மேஜை முழுக்கப் பரந்து கிடக்கும். கூட வந்த புத்தகத்தில் பதினான்கு மொழிகள் இருக்கும், தமிழ் இருக்காது. எப்படியோ எல்லாவற்றையும் மாட்டி முடித்தால் ஒரு திருகு மிச்சம் இருக்கும். அந்தத் திருகை என்ன செய்வது என்று கேட்டுத்தான் எனக்குப் பாதிப் பேர் போன் செய்கிறார்கள்.

பதினோரு வருடம் ஒரு டிவி கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு, போன விஜயதசமியன்று அவனியாபுரத்தில் ஒரு அறை பிடித்து, 'ரெக்கார்டு பிளேயர் பொருத்தித் தரப்படும், பழுது பார்க்கப்படும்' என்று போர்டு மாட்டினேன். உள்ளே ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் நான் உட்கார்ந்தால் வந்தவர் நிற்க வேண்டும். வந்தவர் உட்கார்ந்தால் நான் நின்றுகொண்டு வேலை பார்க்க வேண்டும்.

என் மனைவி வசந்தியின் அண்ணன் ராஜபாண்டிக்கு வில்லாபுரத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை. போர்டு மாட்டிய அன்றே வந்தார். நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு வருடம் பார்ப்போம், காலூன்றவில்லை என்றால் அவர் கடைக்கு வந்துவிட வேண்டும் என்றார். வசந்தி தலையாட்டினாள், நானும் ஆட்டினேன். அதோடு விடவில்லை அவர். மறுவாரமே எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் தன் கடையில் போட்டுவைத்துவிட்டுப் போனில் சொன்னார்: "அடுத்த விஜயதசமிக்கு வந்து உக்காருங்க மாப்ள. அதுவரைக்கும் அதுல யாரையும் உக்கார விடமாட்டேன்."

உறுமல்

பழங்காநத்தத்தில் ஒரு வீடு. மகன் வங்கியில் வேலை பார்க்கிறவர். முதல் சம்பள உயர்வில் பிளேயர் வாங்கியிருந்தார். அப்பா முருகேசன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் போனபோது அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். ஊசியை இறக்குவதற்கு முன்பே பெட்டி உறுமியது. சத்தத்தைக் கூட்டினால் உறுமலும் கூடியது.

இந்தக் கருவிகளில் சிவப்பு, வெள்ளை வயர்களோடு மூன்றாவதாக மெல்லிய வயர் ஒன்று தொங்கும். எர்த் வயர். அதன் நுனியில் லாடம் மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உள்ள திருகில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் உறுமும், அவ்வளவுதான் விஷயம். பிளேயரைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வயர் இருந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மொட்டையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் போட்டு வெட்டிய வெட்டு.

மிச்சமிருந்ததைச் சீவி, வேறு வயர் சேர்த்து மாட்டினேன். உறுமல் நின்றது. அந்த அமைதியில் மகன் கேட்டார், "யாருப்பா இத வெட்டுனது?" முருகேசன் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார். "எல்லா வயரும் ஏதாவது ஒரு இடத்துக்குப் போய்ச் சேந்துச்சு. இது ஒண்ணு மட்டும் டிக்கெட் எடுக்காம நின்னுச்சு. இறக்கி விட்டுட்டேன்."

வழுக்கும் கை

எழுமலையிலிருந்து தவசி என்பவர் பேசினார். நிலக்கடலையும் வெங்காயமும் போடுகிறவர். புது வீடு கட்டிக் குடிபோன கையோடு பிளேயர் வாங்கியிருந்தார். "ஊசிய வச்சா நிக்க மாட்டேங்குதுண்ணே. வெளிய ஓடி வந்துருது. உள்ள இருக்கப் பிடிக்கலன்னு நினைக்கிறேன்" என்றார். உசிலம்பட்டி வழியாகப் பஸ் பிடித்துப் போனேன்.

நல்ல வீடு. கூடத்தில் புது மேஜை, மேஜையில் பிளேயர். வீட்டைக் கட்டிய கொத்தனார் தவசியின் சொந்தத் தம்பி மாயாண்டி. நான் வருவது தெரிந்து அவரும் வந்திருந்தார், கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். அவருடைய ரசமட்டத்தையே வாங்கிப் பிளேயர் மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடியது. மேஜையில் வைத்தேன், அதே பக்கம். தரையில் வைத்தேன், அதே பக்கம். கூடமே மூலையில் இருந்த தண்ணீர்ப் போக்கியைப் பார்த்துச் சரிந்திருந்தது.

பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி மேஜையின் இரண்டு கால்களுக்கு அடியில் கொடுத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது, ஊசியும் பாட்டின் மேல் நின்றது. தவசி தம்பியைப் பார்த்தார். "ஏண்டா, அண்ணன் வீட்டுல இம்புட்டுச் சரிவா வைப்பாங்க?" மாயாண்டி ரசமட்டத்தை என்னிடமிருந்து வாங்கித் துண்டில் துடைத்தார். "நான் வீட்டத் தண்ணிக்குக் கட்டுனேன்ணே, பாட்டுக்குக் கட்டல."

மச்சானின் கணக்கெடுப்பு

எழுமலை போய்வந்த மறுநாள் மச்சான் ராஜபாண்டி என் கடைக்கு வந்தார். ஸ்டூலை நகர்த்தினேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கதவில் சாய்ந்துகொண்டார்.

"இன்னைக்கு எத்தன பேரு?"

"ஒருத்தர் வந்தாரு மச்சான். ஒரு திருகு மிச்சம் இருக்குன்னு கொண்டு வந்தாரு."

"நேத்து?"

"நேத்து எழுமலைக்குப் போயிட்டேன்."

"அப்ப அதுவும் ஒருத்தர்தான்." அவர் கேலி செய்யவில்லை. அவர் கடையில் ஒரு நாளைக்குப் பத்து மோட்டார் வரும், பார்க்க ஆள் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். மேஜையில் சுற்றிக்கொண்டிருந்த தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் மோட்டார் எத்தனை வாட் என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: "உங்க நாற்காலியத் தினம் தொடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

பசுமலைக்கு இரண்டு தடவை

பசுமலையில் தேவசகாயம் சார், கிரேஸ் டீச்சர். இருவரும் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். சார் இயற்பியல் வாத்தியார். பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பிளேயர் அது. நான்தான் போய்ப் பொருத்திவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போன்: இடது ஸ்பீக்கர் பாடவில்லை.

போனேன். எனக்கு இரண்டும் கேட்டது. சார் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இல்ல தம்பி, இடது இல்ல" என்றார். இயற்பியல் வாத்தியாரிடம் எதிர்த்துப் பேச முடியுமா? வயரை மாற்றினேன். பிறகு ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தேன். வலது பக்கம் நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் இடது பக்கம் போனதும் ஊமையாகிவிட்டது என்றார். ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மறுநாள் போய், "சார், ஒரு தடவை திரும்பி உக்காருங்க. முதுகு ஸ்பீக்கர் பக்கம் இருக்கட்டும்" என்றேன். திரும்பி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. "இப்ப வலது ஸ்பீக்கர் பாடல" என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். வாத்தியார் அல்லவா, மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காபி கொண்டுவந்த கிரேஸ் டீச்சர் தட்டோடு நின்றார். சோபாவில் அவருடைய இடம் சாருக்கு இடது பக்கம். அந்த இடத்தையும் சாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்தப் பக்கம் உக்காந்து நான் பேசுனதெல்லாம் யாருகிட்ட தம்பி?"

நகைத் தராசு

இந்தத் தொழிலில் நுணுக்கம் என்று ஒன்று இருந்தால் அது ஊசியின் எடைதான். ஊசி ரெக்கார்டின் மேல் ஏறக்குறைய இரண்டு கிராம் கனத்தோடு உட்கார வேண்டும். கூடினால் பாட்டு நசுங்கும், ரெக்கார்டும் தேயும். குறைந்தால் ஊசி துள்ளும். கைக்குப் பின்னால் இருக்கும் குண்டை முன்னும் பின்னும் திருகி இதைச் சரிசெய்ய வேண்டும். அளந்து பார்க்க என்னிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு உண்டு.

தெற்கு மாசி வீதி பக்கம் ஒரு சந்தில் சுப்பையா ஆசாரி. மூக்குத்திக்குத் திருகாணி செய்வதில் பேர்போனவர். வேலை செய்யும்போது கேட்பதற்காகப் பட்டறையிலேயே பிளேயர் வைத்துக்கொண்டார். என் தராசு இரண்டு கிராம் என்றது. அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன்னுடைய நகைத் தராசை எடுத்துவந்து ஊசியை அதன்மேல் இறக்கச் சொன்னார். ஒரு மயிரிழை கூட இருந்தது. திருகினேன். ஒரு மயிரிழை குறைந்தது. அரை மணி நேரம் அவர் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் திருகிக்கொண்டிருந்தேன். என் சட்டை நனைந்துவிட்டது.

"கொஞ்சம் கூடக் குறைய இருந்தா ஒண்ணும் ஆகாதுங்கய்யா" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நகைக்குச் சேதாரம் போடுவோம் தம்பி. பாட்டுக்கு எதுக்குப் போடணும்?"

புரட்டாசி

புரட்டாசி பிறந்ததும் ஆள் வரத்து நின்றுபோனது. பொருத்திக் கொடுத்த கருவிகளெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. இந்தத் தொழிலில் வேலையை நன்றாகச் செய்தால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். உங்களில் பழுது பார்க்கும் தொழில் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூலில் நானே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடிந்தது.

விஜயதசமி நெருங்கியது. நானும் வசந்தியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டியதில் பேச்சு முடிந்துவிட்டது. ஆயுதபூஜையன்று இருவரும் கடைக்குப் போய்க் கூட்டி, கழுவி, திருப்புளிகளையும் பற்றவைக்கும் கோலையும் என் தராசையும் வரிசையாக வைத்தோம். எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். வந்தவர்களுக்குப் போட்டுக் காட்ட வைத்திருந்த பிளேயருக்கும் வைத்தேன். சூடம் காட்டி முடித்ததும் வசந்தி அண்ணாந்து போர்டைப் பார்த்தாள். "அதையும் தொடைச்சுப் பொட்டு வைங்க. நாளைக்கு இறக்குறதா இருந்தாலும் பொட்டோட இறங்கட்டும்."

விஜயதசமி காலை

நல்ல நேரம் பார்த்து வில்லாபுரம் போனேன். மச்சான் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல நாற்காலி. முதுகுக்கு இதமாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் கடை முழுவதும் தெரிந்தது. இங்கேயே இருந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றுகூடத் தோன்றியது. மச்சான் என் முன்னால் ஒரு மோட்டாரை வைத்தார். அப்போது போன் அடித்தது.

சுப்பையா ஆசாரி. "நேத்துப் பட்டறைக்கு ஓய்வு தம்பி. இன்னைக்குப் போட்டா பாட்டு நசுங்குது. சத்தியமாக் குண்டத் தொடல." வைத்த உடனே எழுமலைத் தவசி. "ஊசி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுதுண்ணே. தம்பிய வச்சு மட்டம் பாத்தாச்சு. வீடு நகரல." அடுத்து முருகேசன். "பாடுறவருக்கு மூக்கடைச்ச மாதிரி இருக்கு. இந்தத் தடவை நான் எதையும் வெட்டல. பிளேயரத் தூக்கிட்டு உங்க கடைக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

முந்தாநாள்வரை நன்றாக ஓடிய மூன்று கருவிகள், ஒரே காலையில் மூன்று வியாதி. கரண்டில் கோளாறு என்றால் எழுமலைக்கும் மாசி வீதிக்கும் ஒரே நேரத்திலா வரும்? காற்றில் ஈரமா? போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். மச்சான் கீழே உட்கார்ந்து, காலையிலேயே வந்துவிட்ட ஒரு கிரைண்டர் மோட்டாரின் தண்டில் இறுகச் சுற்றியிருந்த கதம்பச் சரத்தைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார், "உங்க மெஷினுக்கெல்லாம் நேத்துப் பூச வச்சாகளா மாப்ள?"

வரிசையாகத் திருப்பிக் கூப்பிட்டேன். ஆசாரி ஊசி மாட்டியிருக்கும் தலையில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். கனம் கூடிவிட்டது. தவசி வீட்டில் பின்னால் இருக்கும் குண்டுக்கு ஒரு முழம் மல்லிகையைச் சுற்றியிருந்தார்கள். முன்பக்கம் லேசாகி ஊசி துள்ளியது. முருகேசன் பஸ்ஸில் இருந்தார். பொட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஊசி முனையிலதான். அந்தப் பெட்டியில வேல பாக்குறது அது ஒண்ணுதானே?" என்றார். என் கடையில் இருக்கும் பிளேயரின் தலையிலும் இந்நேரம் ஒரு பொட்டு காய்ந்துகொண்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை வைத்தவன் நான்.

பூவை அவிழ்க்கச் சொன்னேன், சந்தனத்தை மெல்லிய பிரஷ்ஷால் உதிர்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஆசாரி மறுபடி கூப்பிட்டார். "உதிர்த்தத நிறுத்துப் பாத்தேன் தம்பி. முக்காக் கிராம். காஞ்சதே இம்புட்டு." பாட்டு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அது எப்போதோ சரியாகிவிட்டதாம். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு பிளேயர் வாங்கியிருக்கிறார், பொருத்த வருவீர்களா என்று கேட்டார். அதற்குள் இன்னொரு போன். பசுமலைக் கிரேஸ் டீச்சர். "சாருக்குக் காது மெஷின் மாட்டியாச்சு தம்பி. இப்ப ரெண்டு பக்கமும் கேக்குதாம். ஸ்பீக்கர் வச்ச இடமே தப்புங்கிறாரு, வந்து மாத்திக் குடுங்க."

கடைசியாக முருகேசன். அவனியாபுரம் வந்துவிட்டார், கடை பூட்டியிருக்கிறது, பிளேயரை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தேன். எதிரில் மோட்டார் அப்படியே இருந்தது. நான் ஒரு திருகுகூடக் கழற்றியிருக்கவில்லை.

"யாரு நிக்கிறது?" என்றார்.

"பெரியவர் ஒருத்தர். பழங்காநத்தத்துலேர்ந்து."

"உக்கார அங்க என்ன இருக்கு?"

"ஸ்டூல் இருக்கு மச்சான். பூட்டுன கடைக்குள்ள."

அவர் அறுத்தெடுத்த கதம்பத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். என் முன்னால் இருந்த மோட்டாரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாக ஆட்டினார். "எந்திரிங்க மாப்ள. எனக்கு வேற ஆள் பாத்துக்கிறேன். இதத் தூக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோவப் பிடிங்க, வயசான மனுசன் எம்புட்டு நேரந்தான் நிப்பாரு."

ஒரு வருடத் தொழிலில் நான் கற்றது ஊசிக்கு இரண்டு கிராம் என்பது, சம்பாதித்தது ஒரு சுழல் நாற்காலி. என் கடைக்கு வந்த பிறகு அதில் உட்கார எனக்கு இன்னும் முறை வரவில்லை.